ஆறு வேண்டாம் சார், கால்வான்னு சொல்லுங்க: ஒரு ஹிப்னோதெரபி கேஸ்

இந்த கேஸ எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா இழுத்துக்கிட்டே வந்தேன். காரணம் வேற ஒண்ணும் இல்ல, இதுல பாதி நான் பண்ண தப்பு. ஆனா ஹிப்னாசிஸ்னு வாயெடுத்தாலே நம்மூர்ல ஒரு கேள்வி வரும் பாருங்க, "வசியம் பண்ணி மனசுல உள்ளத பூரா புடுங்கிருவியளாமே?"ன்னு, அதுக்கு நான் எவ்வளவு வெளக்கம் குடுத்தாலும் இந்த டிரைவர் அண்ணாச்சி கதை அளவுக்கு ஏறாது. அவருகிட்ட கேட்டு, எழுதுனத அவரையே வாசிக்கச் சொல்லி, அவரு ரெண்டு எடத்துல திருத்தி, அதுக்குப் பொறவுதான் இங்க போடுதேன். வயசு, குடும்ப வெவரம்லாம் கொஞ்சம் மாத்தியிருக்கேன். கால்வாய மட்டும் மாத்தல, அத மாத்துனா கேஸே இல்ல.

நான் பாளையங்கோட்டையில கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். முருகன்குறிச்சி பக்கம் மாடியில ஒரு ரூம், கீழ ஜெராக்ஸ் கட, மெஷின் ஓடுற சத்தம் மேல வரைக்கும் கேக்கும். 2024 ஜூன்ல, சாரல் ஆரம்பிச்ச நேரம், ஒரு குடல் டாக்டரு போன் போட்டு "ஒரு பேஷண்ட அனுப்புதேன், எல்லா டெஸ்ட்டும் நார்மல், மாத்தர எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு, நீங்க பாருங்க"ன்னாரு. வந்தவருக்கு 41 வயசு. தனியார் பஸ் டிரைவர். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுல எடுத்து முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடை, அம்பை வழியா பாபநாசம், அப்படியே திரும்ப. ஒரு நாளைக்கு மூணு நட.

உக்காந்ததும் அவரு சொன்ன மொத வார்த்த, "எனக்கு ஐபிஎஸ்ஸாம் சார். மூத்தவ படிச்சு வாங்குவான்னு பாத்தா எனக்குக் குடுத்துட்டாவ." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, ஆனா சிரிப்பு கண்ணுல இல்ல.

ஐபிஎஸ்னா இரிட்டபிள் பவல் சின்ட்ரோம். குடல்ல புண்ணு இல்ல, கட்டி இல்ல, கிருமி இல்ல, ஆனா வயித்து வலியும் வெளிக்கிப் பிரச்சனையும் வருஷக் கணக்கா ஆட்டிப் படைக்கும். சில பேருக்கு மலச்சிக்கல், சில பேருக்குப் பேதி, சில பேருக்கு ரெண்டும் மாறி மாறி. இத அடையாளம் காண டாக்டருங்க பயன்படுத்துற, 2016ல வந்த ரோம் 4 அளவுகோல் என்ன சொல்லுதுன்னா, கடைசி மூணு மாசத்துல வாரத்துக்கு ஒரு நாளாவது வயித்து வலி இருக்கணும், அதோட அந்த வலிக்கும் வெளிக்கி போறதுக்கும் தொடர்பு இருக்குறது, எத்தன தடவ போறோம்ங்கறது மாறுறது, எப்படிப் போகுதுங்கறது மாறுறது, இந்த மூணுல கொறஞ்சது ரெண்டு பொருந்தணும். அண்ணாச்சிக்கு மூணுமே பொருந்துச்சு. காலையில மட்டும் நாலு அஞ்சு தடவ, தொப்புளுக்குக் கீழ இடது பக்கம் புடிச்சு இழுக்கும், போனா கொஞ்சம் விடும், அர மணி நேரத்துல மறுபடியும். ராத்திரி தூக்கத்துல ஒருநாளும் எழுப்புனதில்ல. ரத்தம் போகல, எட கொறயல, வீட்டுல யாருக்கும் குடல் கேன்சர் இல்ல. இதெல்லாம் நான் ஏன் கேக்கேன்னா, இதுல ஒண்ணு இருந்தாலும் ஹிப்னாசிஸ் பேச்சே எடுக்கக் கூடாது, திருப்பி டாக்டருட்டதான் அனுப்பணும். இவருக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, மல டெஸ்ட், பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற கொலனோஸ்கோப்பி வரைக்கும் பாத்து முடிச்சிருந்தாங்க.

ஆரம்பிச்சது ஆறு வருஷத்துக்கு முன்ன. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனப்ப ராத்திரி தட்டுக்கடையில பரோட்டா சால்னா சாப்ட்டு, மறுநாள் பேதி, டிரிப்ஸ் ஏத்துற அளவுக்குப் போயிருச்சு. அது நாலு நாள்ல நின்னுது, ஆனா வயிறு பழைய வயிறா திரும்பல. இது புதுசில்ல, குடல்ல ஒரு இன்ஃபெக்‌ஷன் வந்து போன பொறவு ஐபிஎஸ் ஒட்டிக்கிறது நல்லாத் தெரிஞ்ச விஷயம்தான். அதுக்கு மேல ஒண்ணு நடந்திருக்கு. ஒருநாள் காலைல ஃபுல் லோடு, ஸ்கூல் புள்ளைய வேற, வீரவநல்லூர் தாண்டி தாங்க முடியாம பஸ்ஸ ஓரங்கட்டிட்டு வாழத்தோட்டத்துக்குள்ள ஓடியிருக்காரு. திரும்பி வந்து ஏறும்போது பஸ்ஸே கப்சிப். பொறவு பின் சீட்ல யாரோ "புது ஸ்டாப்பிங் போட்டாச்சு போல"ன்னு சொல்ல, மொத்த பஸ்ஸும் சிரிச்சிருச்சு. கண்டக்டரும் சிரிச்சான், அதத்தான் அவரால தாங்க முடியல. "பதினோரு வருஷமா கூட ஓடுதவன் சார்."

அதுலருந்து அவரு வாழ்க்க பூரா கக்கூஸ் மேப்பா மாறிருச்சு. ரூட்டுல எங்கெங்க கட்டணக் கழிப்பறை, எந்த பெட்ரோல் பங்க்ல தண்ணி வரும், எந்த டீக்கடைக்காரரு பின்பக்கம் விடுவாரு, பதினோரு எடம் வெரல் விட்டுச் சொன்னாரு. காலையில வெறும் டீ, பொறவு மத்தியானம் மூணு மணிக்கு நட முடியுற வரைக்கும் பச்சத் தண்ணி கிடையாது. வண்டி எடுக்குமுன்ன பேதிய நிறுத்துற மாத்தர, லோபரமைடு, ரெண்டு. மூணு டாக்டரு, ஒரு நாட்டு வைத்தியரு, கையில மந்திரிச்ச கயிறு ரெண்டு, குறி கேட்ட எடத்துல செய்வினைன்னு சொல்லி ஒரு தொகைய வாங்கிட்டு விட்டிருக்காங்க. இதுல எதுக்கும் அவரு கோவப்படல. கொலனோஸ்கோப்பி எடுத்துட்டு ஒரு ஆஸ்பத்திரில "ஒண்ணும் இல்ல, போங்க"ன்னு சொன்னதுக்குத்தான் கோவப்பட்டாரு. "ஒண்ணும் இல்லன்னா, நான் என்ன நடிக்கேனா?"

இந்த "ஒண்ணும் இல்ல"ங்கற வார்த்தையப் பத்தி நான் தனியாவே ஒரு நாள் எழுதணும். டாக்டரு சொல்றது "பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல", பேஷண்ட் காதுல விழுறது "உனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா வந்திருக்க". உண்மையில ஒண்ணு இருக்கு. மலக்குடல்ல சின்ன பலூன வச்சு காத்தடிச்சுப் பாத்த ஆராய்ச்சியெல்லாம் உண்டு, மத்தவங்களுக்கு சும்மா ஏதோ இருக்குற மாதிரி தோணுற அழுத்தத்துலயே ஐபிஎஸ் உள்ள நெறைய பேருக்கு வலியே வந்துரும். குடல்லருந்து மூளைக்குப் போற சேதி அதேதான், கேக்குற சத்தம்தான் கூட. நான் அண்ணாச்சிட்ட கொடைக்குக் கட்டுற ரேடியோ செட்ட வச்சு சொன்னேன். பாடுறவன் மெதுவாத்தான் பாடுதான், ஆம்பிளிஃபையர்ல எவனோ திருகிவிட்டுட்டான், அதான் ஊரே அதிருது. ஹிப்னாசிஸ்ல நாம பண்ணப் பாக்குறது அந்தத் திருகாணியத்தான். அதுக்கு அவரு சொன்னாரு, "அப்ப ஒண்ணு இருக்கு." "இருக்கு அண்ணாச்சி"ன்னேன். அந்த ஒரு வரிக்கே பாதி நோவு போன மாதிரி சாஞ்சு உக்காந்தாரு.

ஸ்கோரும் எடுத்தேன். ஐபிஎஸ்ஸுக்குன்னே ஒரு கேள்வித்தாள் இருக்கு, 1997ல மான்செஸ்டர்காரங்க போட்டது, அஞ்சு கேள்வி, ஒண்ணுக்கு 100, மொத்தம் 500. 175க்குக் கீழ லேசு, 300க்கு மேல கடுமை, 50 கொறஞ்சாலே முன்னேற்றம்னு எடுத்துக்கலாம். இவருக்கு 345.

பயம்

ரெண்டாவது தடவ வீட்டம்மாவையும் கூட்டிட்டு வந்தாரு. அந்த அக்காவுக்கு கேள்வி நேரடியா இருந்துச்சு. "தூங்க வச்சு ஏதாவது எழுதி வாங்கிருவாங்களா?" நான் சொன்னேன், தூங்கவே மாட்டாரு, நான் பேசுறது கேக்கும், கீழ ஜெராக்ஸ் மெஷின் சத்தமும் கேக்கும், புடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிரலாம், நீங்களும் கூடவே இருங்க. அக்கா நம்பல, ஆனா உக்காந்தாங்க. (மூணாவது செஷன்ல நான் பேசிக்கிட்டு இருக்கும்போது பின்னால குறட்ட சத்தம், திரும்பிப் பாத்தா அக்கா. தூங்குனது அவங்கதான்.)

அண்ணாச்சியோட பயம் வேற. அவரு பெரியப்பா சுடலமாடன் கோயில் கோமரத்தாடி, அதாவது சாமியாடி. சின்னப் பிள்ளையில கணியான் கூத்துல மகுடம்ங்கற மேளத்த அடிக்க அடிக்க பெரியப்பா கண்ணு மாறுறதப் பாத்திருக்காரு, ஒரு கொடையில அவருக்கே ஒடம்பு நடுங்க ஆரம்பிச்சு, ஊர்க்காரங்க "இவன் மேலயும் எறங்குது"ன்னு சொல்ல, அன்னைக்கு ஓடுனவரு அதுக்கப்புறம் மகுடச் சத்தம் கேட்டாலே பத்தடி தள்ளித்தான் நிப்பாரு. "என் மேல என்னத்தையும் எறக்கிருவீயளா சார்?" இது சிரிக்கிற கேள்வி இல்ல. சாமி ஆடுறதும் ஹிப்னாசிஸும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன், அது நம்பிக்கை, அத எட போட எனக்கு என்ன உரிமை. ஆனா ரெண்டுலயும் மனசு ஒரே எடத்துல குவியுது, மத்ததெல்லாம் பின்னால போயிருது, அந்த அளவுக்கு ஒத்துமை உண்டு. இங்க வெளியலருந்து எதுவும் வரல, உள்ள இருக்குறதுதான் வருதுன்னு சொன்னேன்.

இதச் சொல்லும்போது எனக்கு எப்பவும் அபே ஃபரியா ஞாபகம் வருவாரு. கோவாக்காரரு, 1756ல காண்டோலிம்ல பொறந்த பாதிரியாரு, பாரிஸ்ல போயி இந்த வித்தைய செஞ்சு காட்டுனவரு. அந்தக் காலத்துல மெஸ்மர்னு ஒருத்தரு ஒடம்புக்குள்ள காந்த திரவம் ஓடுது, அத நான் திருப்பிவிடுதேன்னு சொல்லிக் கொடி கட்டிப் பறந்தாரு, 1784லயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லவாய்சியர்லாம் இருந்த கமிஷன் சோதிச்சுப் பாத்து அப்படி ஒரு திரவமே இல்ல, எல்லாம் கற்பனையோட வேலன்னு சொல்லிருச்சு. ஃபரியா அதுக்கு அடுத்த படிக்குப் போனாரு. சக்தி வைத்தியன் கையில இல்ல, வந்து உக்காந்திருக்கவன் மனசுலதான் இருக்குன்னாரு. இன்னைக்கும் பணஜியில அவருக்கு செல இருக்கு, ஆனா அந்த செலையப் பாத்தா வசியம் பண்ற மாதிரி கைய நீட்டிக்கிட்டுதான் நிக்காரு, பாவம்.

ஹிப்னாடிசம்னு பேரப் பரப்புனது மான்செஸ்டர்ல இருந்த ஜேம்ஸ் பிரெய்டுங்கற சர்ஜன், 1840கள்ல. கிரேக்கத்துல ஹிப்னோஸ்னா தூக்க சாமி. பொறவு அவரே இது தூக்கம் இல்லன்னு உணர்ந்து வேற பேரு வைக்கப் பாத்தாரு, ஊரு கேக்கல. தமிழ்ல அறிதுயில்னு ஒரு சொல் இருக்கு, அறிஞ்சுக்கிட்டே துயில்றது, பெருமாளுக்குச் சொல்றது. நெல்லையப்பர் கோயிலுக்குள்ளயே நெல்லை கோவிந்தர் படுத்திருக்காரே, அது அறிதுயில். அண்ணாச்சிட்ட அதத்தான் சொன்னேன். "பெருமாள் தூங்குனா ஒலகம் என்னாவும்? கண்ண மூடியிருக்காரு, எல்லாம் தெரியும்." அது பிடிச்சிருச்சு அவருக்கு.

பிரேக்கத் தேடுற காலு

மூணாவது செஷன். வழக்கமா பண்றதுதான், சுவத்துல ஒரு புள்ளியப் பாருங்க, கண்ணு பாரமாகுது, மூச்சு பைய வருதுன்னு. அஞ்சு நிமிஷமா ஒண்ணும் நடக்கல. கண்ண மூடுதாரு, உடனே தொறக்காரு. அப்பதான் கவனிச்சேன், அவரு வலது காலு தரைய அமுக்கிக்கிட்டே இருக்கு. விட்டு விட்டு, அமுக்கு, அமுக்கு. கேட்டா, "கண்ண மூடுனா வண்டி ஓடிக்கிட்டு இருக்குற மாதிரியே இருக்கு சார், காலு பிரேக்கத் தேடுது." இருவது வருஷமா ரோட்டப் பாத்தே பொழைக்கிற மனுஷன்ட்ட கண்ண மூடி எல்லாத்தையும் விட்டுருங்கன்னா எப்படி விடுவாரு? கண்ண மூடுறது அவரு தொழில்ல சாவு.

சரின்னு அதையே புடிச்சேன். வண்டிய ஷெட்டுக்குக் கொண்டு போவோம் அண்ணாச்சி. கடைசி நட முடிஞ்சிருச்சு, பாசஞ்சர் எறங்கியாச்சு, கண்டக்டர் கணக்கு முடிச்சுட்டுப் போயாச்சு. ரிவர்ஸ் எடுத்து நிப்பாட்டுங்க. நியூட்ரல். ஹேண்ட் பிரேக். எஞ்சின ஆஃப் பண்ணுங்க, அந்த அதிர்வு சீட்லருந்து அடங்குறதக் கவனிங்க. சாவியக் கையில எடுத்துக்கோங்க. நெசமாவே அவரு டூவீலர் சாவிய உள்ளங்கையில குடுத்து மூட வச்சேன். இனிமே காலுக்கு வேல இல்ல. வலது காலு ஒருதடவ லேசா அமுக்குச்சு, பொறவு பாதம் தானா வெளிப்பக்கம் சாஞ்சுது. ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும், வெரலு ஒண்ணொண்ணா விரிஞ்சு சாவி தரையில விழுந்துது, டங்குன்னு. அவரு திடுக்கிடல. அக்காதான் முழிச்சாங்க.

அதுலருந்து சாவி விழுறதுதான் எங்களுக்கு அடையாளம்.

அன்னைக்கு வயித்துல கைய வைக்கச் சொல்லி உள்ளங்கைச் சூடு உள்ள எறங்குறதா சொல்றத மட்டும் பண்ணேன். இது குடல் ஹிப்னாசிஸுக்கு மான்செஸ்டர் டாக்டருங்க வகுத்த மொறையில உள்ளதுதான், ஆனா முழிச்சதும் அவரு சொன்னது, "ஆச்சி வெளக்கெண்ண தடவி விட்ட மாதிரி இருந்துச்சு சார்." அதுக்கடுத்த வாரம் வலி கொஞ்சம் கொறஞ்சுதுன்னாரு. நானும் தலைக்கனத்தோட நாலாவது செஷனுக்குப் போனேன்.

நான் பண்ண தப்பு

குடலுக்கான ஹிப்னாசிஸ்ல ஆறு ஒரு முக்கியமான படம். குடல ஒரு ஆறா நெனைக்கச் சொல்லி, அது சீரா, அமைதியா ஓடுறதா மனசுல பாக்க வைக்கிறது. பேதி உள்ளவங்களுக்கு வேகத்த கொறைக்கணும், சிக்கல் உள்ளவங்களுக்கு ஓட விடணும். எங்கிட்ட இங்கிலீஷ்ல ஒரு ஸ்கிரிப்ட் இருந்துச்சு, அத நானே தமிழ்ல எழுதி வச்சிருந்தேன், தாமிரபரணின்னு பேரு போட்டா போதும் நம்மூரு ஆயிரும்னு நெனப்பு. குறுக்குத்துறை படித்துறையில உக்காந்திருக்கீங்க, ஆறு ஓடுது, தண்ணி சலசலன்னு... சாவி ஏற்கெனவே விழுந்தாச்சு, மொகம் நல்லா தளர்ந்திருந்துச்சு. நான் "ஆறு ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு"ன்னு சொல்லச் சொல்ல அவரு புருவம் நெருங்குது. வயித்துல வச்ச கை இறுகுது. நான் அத "உள்ள வேல நடக்குது"ன்னு நெனச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு வரி ஓட்டுனேன். படக்குன்னு கண்ணத் தொறந்தாரு, "சார் பாத்ரூம் எங்க"ன்னாரு, ஓடுனாரு.

ஆறு நிமிஷம். நானும் அக்காவும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம உக்காந்திருந்தோம்.

வந்து வேர்வையத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மாட்டிக்கிட்டாராம். குறுக்குத்துறை கோயில் முங்கிக் கெடந்தத பாத்திருக்காரு, ஆத்துப் பாலத்துல நின்னு பாத்தா தண்ணி கலங்கி, மரம் மட்டை எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் போகுது. நான் குறுக்குத்துறைன்னு சொன்னதும் அவருக்கு வந்தது படித்துறை இல்ல, அந்தத் தண்ணி. அத வயித்துக்குள்ள ஓடவிட்டது நான். பேதிக்காரன் வயித்துல வெள்ளத்த தொறந்துவிட்ட வைத்தியன் ஒலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். கேட்டிருக்கணும். "ஆறுன்னா ஒங்களுக்கு என்ன தோணும்"னு ஒரு கேள்வி, அர நிமிஷ வேல.

மன்னிப்பு கேட்டேன். அவரு பெருசா எடுத்துக்கல, தண்ணி குடிச்சுட்டுச் சொன்னாரு: "ஆத்த யாரு சார் நிப்பாட்ட முடியும்? ஆறு வேண்டாம், கால்வான்னு சொல்லுங்க. கால்வான்னா மடையில பலகைய எறக்கிரலாம்."

எந்தக் கால்வான்னு கேட்டேன். கன்னடியன் கால்வா. அவங்க அப்பா அந்தப் பாசனத்துல வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற வேல பாத்தவரு. பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணி விட்டா ராத்திரி மொறத்தண்ணிக்கு அப்பா கூட அரிக்கேன் தூக்கிட்டுப் போயிருக்காரு, ஏழு எட்டு வயசுல. அவரு பேச ஆரம்பிச்சாரு பாருங்க, நான் நோட்ட எடுத்து எழுத ஆரம்பிச்சிட்டேன். மடைக்கல்லுல ரெண்டு பக்கமும் காடி இருக்கும், அதுல பலகைய எறக்கணும், பலகைக்குக் கீழ வைக்கோல் சுருட்டி அடைக்கணும், மண்ணு அணைக்கணும். பாசி வாட. தண்ணி பலகையில மோதும்போது மொதல்ல பொங்கும், பொறவு அடங்கி கண்ணாடி மாதிரி நிக்கும். தவள சத்தம் நின்னு மறுபடி ஆரம்பிக்கும். இப்படி ஒரு ஸ்கிரிப்ட நான் பத்து வருஷம் ஒக்காந்து யோசிச்சாலும் எழுதியிருக்க முடியாது.

அஞ்சாவது செஷன்ல அதத்தான் திருப்பிச் சொன்னேன். வயித்துல புடிச்சு இழுக்கும்போது கால்வாயில தண்ணி ஏறுது, நீங்க கரையில நிக்கீங்க, பலகை உங்க கையில. எறக்குங்க. அவரு ரெண்டு கையும் மடியில கெடந்த எடத்துலயே லேசா அசஞ்சுது, நெசமா ஒரு கனத்த எறக்குற மாதிரி. ஆடியோவும் பதிவு பண்ணிக் குடுத்தேன், பதினெட்டு நிமிஷம், தெனமும் ராத்திரி கேக்கணும், வண்டி ஓட்டும்போது சத்தியமா கேக்கக் கூடாது. (ஜெராக்ஸ் சத்தம் அதுலயும் விழுந்திருக்கு. அவருக்கு அதுவே பழகிருச்சாம்.)

ஆறாவது செஷனுக்கு வரும்போது மூஞ்சி சுண்டியிருக்கு. ரெண்டு நாளா வெளிக்கியே போகல, வயிறு கல்லு மாதிரி. அவரு லோபரமைடையும் விடாமப் போட்டிருக்காரு, அதுதான் காரணமா இருக்கும், என் பேச்சுக்கு அவ்வளவு சக்தி இருக்குறதா நான் நம்பல. ஆனா அவரு வேற கணக்கு வச்சிருந்தாரு. "நீங்க பலகைய முழுசா எறக்கச் சொல்லுதீய சார், அது தப்பு. முழுசா அடச்சா மேல தண்ணி ஏறி கரை ஒடஞ்சிரும், கீழ உள்ளவன் வெட்டரிவாளத் தூக்கிட்டு வருவான். ரெண்டு வெரக்கட விட்டுத்தான் எறக்கணும்." நான் ஆடியோவத் திரும்பப் பதிவு பண்ணேன், ரெண்டு வெரக்கட எடவெளியோட. அதே வாரம் டாக்டருட்ட பேசி லோபரமைட தெனமும் போடாம தேவப்பட்டா மட்டும்னு மாத்துனோம்.

கணக்கு

பன்னெண்டு செஷன், மூணரை மாசம். நடுவுல கோயில் கொடை, அவரு மக பரிட்சை, ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். ஸ்கோரு 345ல இருந்து ஆறாவது செஷன்ல 320, அதாவது ஒண்ணும் பெருசா இல்ல. எட்டு, ஒம்பதுக்குப் பொறவுதான் எறங்குச்சு. முடிக்கும்போது 170. ஆறு மாசம் கழிச்சு 195. காலையில நாலு அஞ்சு தடவ போனது ஒண்ணு ரெண்டுக்கு வந்துது. வயித்து உப்புசம் மட்டும் அப்படியே இருக்கு, அதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியல.

இது பூரா ஹிப்னாசிஸால வந்ததுன்னு சொன்னா நான் பொய் சொல்லுதேன்னு அர்த்தம். வலிய கொறைக்க டாக்டரு குடுத்த அமிட்ரிப்டிலின் மாத்தர, 10 மில்லிகிராம், கூடவே ஓடிக்கிட்டு இருந்துச்சு. வெறும் வயித்துல டீ குடிக்கிறத விட்டாரு, காலையில ரெண்டு இட்லி சாப்பிட ஆரம்பிச்சாரு. வாரா வாரம் ஒரு மணி நேரம் ஒருத்தன் ஒக்காந்து அவரு வயித்துக் கதைய கேட்டதும் ஒரு மருந்துதான். ஒத்தக் கேஸ வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அதுக்குத்தான் ஆராய்ச்சி. 1984ல மான்செஸ்டர்ல பீட்டர் வோர்வெல் டீம் 30 பேர வச்சு லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல போட்டதுதான் தொடக்கம், எதுக்கும் கேக்காத கடுமையான கேஸுங்க, பாதிப் பேருக்கு ஹிப்னாசிஸ், பாதிப் பேருக்கு சைக்கோதெரபிங்கற பேச்சு சிகிச்சையும் டம்மி மாத்தரையும், ஹிப்னாசிஸ் பக்கம் நல்லா ஜெயிச்சுது. 2008ல இங்கிலாந்துல எந்த வைத்தியத்துக்கு என்ன மொறைன்னு சொல்ற நைஸ் அமைப்போட வழிகாட்டுதல்லயே வந்துருச்சு, 12 மாசம் மாத்தர குடுத்தும் கேக்கலன்னா இந்த மாதிரி சிகிச்சைக்கு அனுப்பலாம்னு. ஆனா 2019ல நெதர்லாந்துல 350 பேருக்கு மேல வச்சுப் பண்ண பெரிய ஆராய்ச்சியப் பாத்தா கொஞ்சம் அடங்கிப் பேசணும்னு தோணும். ஆறு செஷன் தனியா ஹிப்னாசிஸ் எடுத்தவங்கள்ல நூத்துக்கு ஏறத்தாழ 40 பேருக்கு நல்ல நிவாரணம், சும்மா ஆதரவாப் பேசி வெளக்கம் சொன்ன பக்கம் ஏறத்தாழ 17. ரெட்டிப்புக்கு மேலதான், சந்தோஷம்தான். ஆனா மிச்சம் 60 பேரு? அவங்கள நான் மறைக்க முடியாது. ஹிப்னாசிஸ்க்கு ஈடுகுடுக்குற தன்மையும் ஆளுக்கு ஆள் மாறும், நூத்துல பத்து பதினஞ்சு பேரு சட்டுன்னு போயிருவாங்க, அதே அளவு பேருக்கு ஒண்ணுமே ஆகாது. அண்ணாச்சி நடுவாந்திரம்.

அதோட, மனநோய்ல நெசம் எது பிரம எதுன்னு தடுமாறுறவங்களுக்கு இதப் பண்ணக் கூடாது. மூணு நாள் கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் மாட்டிக்கிட்டு முன் ஜென்மத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றவங்ககிட்டயும் போகாதீங்க. அறிதுயில்ல இருக்குற மனசு சொல்றத நம்பும், கேள்வி கேட்டா இல்லாதத இருந்ததாவே ஞாபகம் பண்ணிக் குடுக்கும். அப்படி ஒரு எடத்துக்குப் போயி "போன ஜென்மத்துல ஒங்க மாமியாதான் வெஷம் வச்சா"ன்னு கேட்டுட்டு வந்து குடும்பமே பிரிஞ்ச ஒரு கேஸும் எங்கிட்ட வந்துது, அது வேற கதை.

போன பிப்ரவரில அண்ணாச்சி போன் பண்ணாரு. பத்தமடை தாண்டும்போது வயிறு புடிச்சிருக்கு. பழைய மாதிரி வேர்த்திருக்கு. பலகைய எறக்குனாராம், ரெண்டு வெரக்கட விட்டு. முழுசா நிக்கல, ஆனா சேரன்மகாதேவி ஸ்டாண்டு வரைக்கும் தாங்குச்சு. அங்க எறங்கி, "நாலு நிமிசம் பொறுங்க"ன்னு பஸ்ஸுக்குள்ள சத்தமாவே சொல்லிட்டுப் போயிட்டு வந்திருக்காரு. யாரும் சிரிக்கல. டைம்கீப்பர் மட்டும் திட்டுனான்.

ஆடியோ கேக்கீயளான்னு கேட்டேன். போன் தண்ணியில விழுந்துருச்சாம், ஆறு மாசமாச்சு. திரும்ப அனுப்பவான்னேன்.

"எதுக்கு சார்? கால்வா ரோட்டோரமாத்தான போவுது."

வண்டி ஓட்டும்போது அதப் பாத்துக்கிட்டே வராதீங்க அண்ணாச்சின்னு பதறிப் போயிச் சொன்னேன்.

"பாக்க மாட்டேன் சார். அது அங்கன கெடக்கும்."